தூங்காத வண்டி

மீட்டர் அக்கா பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஊசிகளை வைத்துவிட்டு, எண் ஓடி நிற்பதற்குள் டிரைவரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வண்டியைப் பார்க்கும் முன் கொண்டுவந்தவரைப் பார்ப்பது அவர் வழக்கம். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும் என்பார். இந்த முகத்தில் தெரிந்தது பயம் மட்டும்தான்.

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு," என்றார் அக்கா. "இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்த பிறகே இதுதான். காலையில எவ்வளவு இருந்துச்சு?"

"பார்க்கல அக்கா. சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு. பக்கத்து வீட்டு வண்டியில இருந்து வயர் போட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன்."

டிரைவருக்கு ஐம்பது வயது. அக்காவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் பல் போன கிழவர்களுக்கும் அவர் அக்காதான். ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை. பக்கவாட்டுச் சுவரில் வயர்கள் நிறம் வாரியாக ஆணிகளில் தொங்கின. மேசைமேல் சாலிடர் கம்பி, பழைய பியூஸ்கள் போட்ட டப்பா, மூடியில்லாத ஒரு கடிகாரம். கடிகாரத்தில் பதினொன்றரை.

"எதுக்கு மணியைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க, அண்ணே?"

டிரைவர் சொல்லத் தொடங்கினார். மூன்று திங்கட்கிழமைகளாக வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மற்ற நாட்களில் ஒரு குறையுமில்லை. முதலாளி சனி, ஞாயிறு வெளியே போக மாட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஷெட்டுக்குள் விட்டால் திங்கட்கிழமை காலைதான் எடுப்பது. முதல் தடவை முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை புது பேட்டரி வாங்கிப் போட்டார். மூன்றாவது தடவையான இன்று, படியில் நின்றபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் ஷெட்டுக்குள்ள வண்டியில உட்கார்ந்து ஏசி போட்டுக்கிட்டுப் பாட்டு கேட்கறேனாம். என்னைத் தவிர யாரு அதுல உட்கார்றாங்கன்னு கேட்கறார். நாலு மணிக்கு இங்கயே வர்றேன்னு சொல்லியிருக்கார். வண்டியில கோளாறுன்னு நீங்க சொன்னா சரி. இல்லன்னா சாவியை உங்க மேசை மேலயே வெச்சுட்டுப் போயிடணும்."

"நீங்க பாட்டு கேட்டீங்களா?"

டிரைவர் அக்காவைப் பார்த்தார். கோபப்படத் தெரியாதவர் போலிருக்கிறது. "பதினோரு வருஷமா அந்த வீட்டுல ஓட்டறேன். முதலாளி இல்லாம ரேடியோவைத் தொட்டதே கிடையாது," என்றார்.

வேலை போனால் வேலை மட்டும் போகாது. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையும் சேர்ந்து போகும். அந்த அறையில் அவர் மனைவியும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கடைசிப் பரீட்சை. பள்ளிக்கூடம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. காலையில் அவர் வண்டியை எடுக்கும்போதே மனைவி துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஏன் இப்பவே என்று கேட்டதற்கு, "அப்புறம் அவசரத்துல கட்டினா ஏதாவது ஒண்ணு விட்டுப்போயிடும்," என்று பதில் வந்ததாம். அதைச் சொல்லும்போது டிரைவர் சிரித்துக் காட்டப் பார்த்தார், முடியவில்லை.

அடுத்த கடையிலிருந்து பேட்டரிக்கடை மாமா வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பெருத்த உடம்பு, இரண்டு மூக்குக்கண்ணாடி. ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில்.

"பேட்டரியை மாத்திடுங்க," என்றார்.

"இது வாங்கி ஒரு வாரம்தான் ஆகுது, மாமா."

"அதனால என்ன? சில குழந்தைங்க பொறக்கும்போதே சவலை."

"அண்ணே, இவர்கிட்ட தலைவலின்னு போய் நின்னாலும் புது பேட்டரிதான் எழுதிக் கொடுப்பார்," என்றார் அக்கா. மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அக்கா வேலையைத் தொடங்கினார். பேட்டரிமேல் சுமை ஏற்றிப் பார்க்கும் கருவியைப் போட்டார். முள் பச்சைக் கோட்டைத் தாண்டி இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டார். மீட்டர் பதினான்கு புள்ளி இரண்டு காட்டியது. விளக்கு, ஏசி, பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி எல்லாவற்றையும் போடச் சொன்னார். பதின்மூன்று புள்ளி ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. ஒரு ஊசியை பேட்டரியின் கறுப்பு முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எர்த் வயரில் குறையில்லை. ஒவ்வொன்றும் முடிய முடிய ஒரு அட்டையில் எண்ணை எழுதினார். எழுதும்போது அவசரமே இல்லை. இத்தனை வண்டி பார்த்தவர் மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நினைவை நம்ப மாட்டார்.

"பேட்டரி நல்லாருக்கு. டைனமோ நல்லாருக்கு," என்றார்.

டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. வண்டியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பது அவருக்கு இன்று கெட்ட செய்தி.

"அட, பயப்படாதீங்க. சமைக்கறவங்களும் சரி, பானையும் சரி. அப்புறமும் பானை காலியாகுதுன்னா நடுவுல யாரோ எடுக்கறாங்க. யாருன்னு வண்டி தூங்கினாத்தான் தெரியும்."

"வண்டி தூங்குமா?"

"உங்க வண்டி தூங்கும். பூட்டிட்டுப் போனதும் உள்ள இருக்கற பெட்டிங்க ஒவ்வொண்ணா அணையும். முழுசா அணைய அரைமணி, முக்கால் மணி ஆகும். அதுக்கப்புறம் ஒரு கொசு குடிக்கற அளவுதான் கரண்ட் போகணும். ஆனா கதவைத் திறந்தா முழிச்சுக்கும். நான் பியூஸைப் பார்க்கணும்னா கதவு திறந்திருக்கணும். அதனால வண்டியைக் கொஞ்சம் ஏமாத்துவோம்."

அக்கா டிரைவர் சீட் பக்கத்துக் கதவை விரியத் திறந்தார். கதவு விளிம்பில் இருந்த பூட்டின் நாக்கைத் திருப்புளியால் அழுத்தி மடக்கினார். கிளிக் என்றது. கதவு திறந்தே கிடந்தது, உள்விளக்கு அணைந்தது. கதவை மூடியாயிற்று என்று வண்டி நம்பிவிட்டது. பானெட்டின் பூட்டுக்கும் அதே வைத்தியம். பிறகு பேட்டரியிலிருந்து போகும் தடித்த கறுப்பு வயரைச் சுற்றி ஒரு கவ்வி மீட்டரை மாட்டினார். வயரை அறுக்காமல் உள்ளே ஓடும் கரண்டைச் சொல்லக்கூடிய மீட்டர் அது. கடையில் இருந்த சாமான்களிலேயே விலை கூடியது, துணி உறை தைத்துப் போட்டிருந்தார். டிரைவர் ரிமோட்டை அழுத்தி வண்டியைப் பூட்டினார். பன்னிரண்டு இருபது.

காத்திருந்தார்கள். காத்திருப்பது வேலையா என்று மாமா கேட்டார். இதுதான் முக்கால்வாசி வேலை என்றார் அக்கா. இப்படிப்பட்ட கோளாறோடு பெரிய ஒர்க்ஷாப்புகளுக்குப் போனால் வண்டியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எதையாவது மாற்றிவிடுவார்கள். பத்து நிமிடத்தில் எந்த வண்டியும் தூங்குவதில்லை. அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அக்கா தொழிற்சாலையைச் சொல்வார். கார்களுக்கு உள்ளே ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டும் தொழிற்சாலையில் அவர் பதின்மூன்று வருடம் வேலை பார்த்தவர். நகரும் பலகையில் நூற்று எண்பது வயர்களை இடம் பார்த்துப் பதித்து, டேப் சுற்றி, அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். முப்பத்தைந்து வயது ஆனதும் விரலில் வேகம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"வேகம் போச்சுன்னாங்க. நான் வேற என்ன செய்யட்டும், மெதுவாச் செய்யற வேலையாப் பார்த்து எடுத்துக்கிட்டேன்," என்றார் அக்கா.

முதல் இருபது நிமிடத்தில் மீட்டர் இறங்கியது. நான்கு ஆம்பியரில் தொடங்கி இரண்டுக்கு வந்தது. பிறகு மறுபடி ஏறியது. இறங்கியது, ஏறியது. முக்கால் மணி ஆகியும் வண்டி புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தது. அக்கா புருவத்தைச் சுருக்கினார். டிரைவர் ஸ்டூலில் முன்னும் பின்னும் அசைந்தபடி இருந்தார். அவர் அசையும்போதெல்லாம் எண் துள்ளுவதை அக்காவின் கண் பிடித்துவிட்டது.

"அண்ணே, சாவி எங்கே?"

டிரைவர் சட்டைப்பையைத் தொட்டார். "இங்கதான். வேலை நேரத்துல சாவியை நான் உடம்பை விட்டு எடுக்க மாட்டேன். பதினோரு வருஷப் பழக்கம்."

வண்டியிலிருந்து இரண்டு அடி தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாவி இருந்தால் எஜமானர் வந்துவிட்டார் என்று எழுந்து எழுந்து பார்க்கும் வண்டி அது. பொறுப்பான டிரைவராக இருந்ததால் அவருக்கு முக்கால் மணி நேரம் நஷ்டம். பொறுப்பில்லாதவர் என்றால் சாவியை எங்காவது போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

"ஐயோ," என்றார் டிரைவர். அவர் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. ஒன்று பத்து.

"உங்க தப்பில்ல. நான் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். வீட்டுல எங்க வைப்பீங்க?"

"வீட்டுல அவங்க மாடியில, மேசை டிராயர்ல. ராத்திரி என்கிட்ட இருக்காது. ஞாயித்துக்கிழமை வண்டி துடைக்கறப்போ மட்டும் வாங்கிட்டு வருவேன்."

"அப்போ அங்கே காரணம் இது இல்ல. நல்லதாப் போச்சு. மாமா, இந்தச் சாவியை உங்க கல்லாவுல பூட்டி வைங்க."

"ரசீது வேணுமா?" என்று கேட்டுவிட்டு மாமா சாவியோடு போனார். வண்டி மீண்டும் முதலிலிருந்து தூங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது காத்திருப்பு கடினமாக இருந்தது. டிரைவரின் போன் அடித்தது, மனைவி. இவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணும் தெரியல... ஆமாம், பார்த்துக்கிட்டு இருக்காங்க... புத்தகத்தையெல்லாம் கட்டாத, அவ படிக்கணும்ல," என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப ஆரம்பிச்சுது? யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அக்கா.

"நான் லீவு முடிஞ்சு வந்தப்புறம். வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். நாலு நாள் போகல. அந்த நாலு நாளும் முதலாளியோட மாப்பிள்ளைதான் வண்டியை வெச்சிருந்தார். நான் வந்த வாரம்தான் முதல் திங்கட்கிழமை."

அக்கா அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு எண் இறங்கி ஓரிடத்தில் நின்றது. புள்ளி நான்கு ஐந்து. அக்கா ஐந்து நிமிடம் அதையே பார்த்தார், அது அசையவில்லை.

"இப்போ தூங்கிடுச்சு. தூக்கத்துலயும் அரை ஆம்பியர் குடிக்குது. குடிக்க வேண்டியதைவிடப் பதினஞ்சு மடங்கு. ஒரு ராத்திரி தாங்கும், ரெண்டு ராத்திரி தாங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் எந்தப் பேட்டரியும் தாங்காது. உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா எனக்குத் தெரிஞ்சா பத்தாது. திருடனைப் பிடிச்சுக் கையில கொடுக்கணும்."

பியூஸ் பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் கழற்றினார். ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. பிடுங்கினால் தூங்குகிற வண்டி விழித்துக்கொள்ளும், திருடன் ஓடிவிடுவான். அக்கா எதையும் பிடுங்கவில்லை. ஒவ்வொரு பியூஸின் தலையிலும் கடுகளவு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். அவற்றின்மேல் இரண்டு ஊசிகளையும் வைத்தார். கரண்ட் ஓடாத பியூஸில் மீட்டர் பூஜ்யம் காட்டும். ஓடுகிற பியூஸில் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் இரண்டு பங்கோ மூன்று பங்கோ காட்டும். அந்த வித்தியாசத்தைப் பார்க்க நடுங்காத கை வேண்டும். தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்துப் பிடித்து அவர் ஒவ்வொன்றாக நகர்ந்தார். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். வேகம் போதாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட விரல்கள் அவை. மாமாகூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இருபத்திரண்டாவது பியூஸில் மூன்று புள்ளி நான்கு.

அக்கா தலையை வெளியே எடுத்து மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

"என்ன பியூஸ் அக்கா?"

"பாட்டுப் பெட்டியோடது."

டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி சொன்னதும் அதுதான், மீட்டர் சொன்னதும் அதுதான். நான்கு மணிக்கு வருகிறவர் இதைக் கேட்டால் வேறெதையும் கேட்க மாட்டார். "நான் தொடல அக்கா," என்றார். "சத்தியமா அதை நான் தொடல."

"யாரு தொட்டீங்கன்னு சொன்னா? பாட்டுப் பெட்டிக்குப் போற வயருன்னுதான் படம் சொல்லுது. அந்த வயர்ல வேற யாரெல்லாம் சாப்பிடறாங்கன்னு படத்துக்குத் தெரியாது."

பாட்டுப் பெட்டியின் சட்டத்தை நெம்பி வெளியே இழுத்து, பின்னால் இருந்த செருகியைக் கழற்றினார். இப்போது பெட்டிக்குக் கரண்ட் போக வழியே இல்லை. மூன்று பேரும் கவ்வி மீட்டரைப் பார்த்தார்கள். புள்ளி நான்கு ஐந்து. அப்படியே இருந்தது.

"பாருங்க. பாட்டுப் பெட்டி நிரபராதி," என்றார் அக்கா. டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொண்டுவரும் மஞ்சள் வயரைப் பிடித்துக்கொண்டு அக்கா உள்ளே போனார். கண்ணால் பார்க்க இடமில்லாத இடத்தில் விரலால் போனார். தொழிற்சாலையில் டேப் சுற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு சுற்று அதற்கு முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும், எல்லாம் ஒரே சாய்வில் போக வேண்டும். பதின்மூன்று வருடம் சுற்றிய விரலுக்கு டேப் விளிம்புகளின் அந்தப் படிக்கட்டு பழகிய மாடிப்படி. டாஷ்போர்டில் சாமான் வைக்கும் சிறு அறையின் பின்னால் ஓரிடத்தில் படிக்கட்டு தப்பியது.

"இது எங்க கை இல்ல. பார்சல் கட்டற மாதிரி சுத்தியிருக்கான். வெளியாள் வேலை," என்றார் உள்ளேயிருந்து.

சிறு அறையைக் கழற்றி வைத்தார். குட்டி டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு கையை விட்டார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு வயர்களோடு வந்தது. இரட்டைப் பசை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். அக்கா அதை டிரைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"சூடா இருக்கு," என்றார் டிரைவர்.

"மூணு மணி நேரமா அணைஞ்சு கிடக்கற வண்டியில சூடா இருக்கற ஒரே சாமான் இதுதான். உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அது கெட்டுப்போய், எவ்வளவு தீனி போட்டாலும் நிறையாம ராத்திரி பகலா உறிஞ்சுது." மஞ்சள் வயரிலிருந்து இணைப்பைப் பிரித்தார். கவ்வி மீட்டரில் எண் விழுந்தது. புள்ளி பூஜ்யம் மூன்று.

"இது என்ன அக்கா?"

அக்கா சற்றுத் தயங்கினார். "வண்டி எங்க போகுது, எங்க நிக்குது, எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு யாரோட போனுக்கோ சொல்லிக்கிட்டே இருக்கற பெட்டி."

டிரைவர் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். லீவு போட்ட நான்கு நாள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதும், முதலாளிக்கு மாத்திரை தீர்ந்திருக்குமே என்று மருந்துக்கடைக்கு அவர்தான் போன் போட்டுச் சொன்னார்.

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு," என்றார் மாமா.

நான்கு அடிக்கும் முன்பே முதலாளி வாடகைக் காரில் வந்து இறங்கினார். மெலிந்தவர், மடிப்புக் கலையாத சட்டை, குரல் உயர்த்திப் பேசும் பழக்கம் இல்லாதவர். அக்கா அட்டையைக் காட்டி முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை சொன்னார். பெட்டியைச் செருகிக் காட்டினார், எடுத்துக் காட்டினார். மீட்டர் ஏறுவதையும் இறங்குவதையும் முதலாளி கண்ணாலேயே பார்த்தார். பிறகு ஒதுங்கிப் போய் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"ஆமா மாமா, நான்தான் போட்டேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னீங்க, மறந்தே போச்சு. அதுதான் பேட்டரியைத் தின்னுதாம்."

அக்கா குறுக்கிட்டார். "சார், ஒண்ணு கேளுங்க. சாவி போட்டா, போட்ட நேரம் அதுல பதிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமைங்கள்ல ஏதாவது காட்டுதான்னு பார்க்கச் சொல்லுங்க."

மறுமுனையில் போனைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "இல்ல மாமா," என்றது குரல். "மூணு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணும் ஆன் ஆகல. வண்டி ஷெட்டுலயே நின்னிருக்கு."

"அப்போ முன்னாடியே ஏன் பார்க்கல?"

"அவர் எங்கெல்லாம் போறார்னு மட்டும்தான் பார்ப்பேன், மாமா. எங்கேயும் போகாத நாளை எதுக்குப் பார்க்கணும்?"

முதலாளி இருமினார். டிரைவர் பக்கம் பாதி திரும்பி, "சரிப்பா. உன் மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு," என்றார். பேச்சு அவ்வளவுதான். டிரைவர் கடைக்கு வெளியே போய் மனைவியைக் கூப்பிட்டு, "மூட்டையைப் பிரிச்சுடு," என்றார். அங்கே என்ன சொன்னார்களோ, இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"இதைக் கையில கொடுத்துடட்டுமா சார்?" என்று அக்கா பெட்டியை நீட்டினார்.

"இல்ல, திரும்ப மாட்டிடுங்க. பேட்டரி இறங்காத மாதிரி மாட்ட முடியுமா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல கொடுக்கலாம். ஆனா வண்டி ஓடும்போது மட்டும்தான் வேலை செய்யும்."

"அது போதும். ஓடும்போதுதானே வேணும்."

முதலாளி போனோடு வெளியே போய் நிழலில் நின்றார். அக்கா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். அவருக்கு எரிச்சலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. "இந்த லைன்ல சரியா வராதுன்னு சொல்லிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"வேண்டாம் அக்கா, போட்டுடுங்க. இத்தனை வருஷம் நான் சொன்னதுக்கு ஒரு மதிப்பும் இல்ல, இது சொன்னதும் நம்பிட்டாங்க. இருந்துட்டுப் போகட்டும். அடுத்த தடவையும் எனக்குன்னு யாராவது பேசணும்ல."

அக்கா சாலிடர் கம்பியை எடுத்தார். உள்ளே இருட்டாக இருந்தது. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். சாலிடர் புகையில் டார்ச்சைப் பல்லில் கவ்வ முடியாது. கேட்கும் முன்பே டிரைவர் சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டு, தன் போனின் விளக்கைப் போட்டு உள்ளே நீட்டினார். அக்கா வயர்களைச் சீவி, முறுக்கி, பற்றவைத்து, டேப் சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடியது. யார் கண்ணிலும் படாத இடத்துக்குள் அந்த வேலை சுத்தமாக, ஒரே சாய்வில் போயிற்று. மாமா கொண்டுவந்து கொடுத்த சாவியைப் போட்டதும் பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கத் தொடங்கியது.

"ஆங், வந்துடுச்சா மாப்பிள்ளை?" என்று வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "ஆமா, கடை வாசல்லதான் நிக்கறோம். அவனும் இருக்கான்."

"இன்னும் கொஞ்சம் கீழே காட்டுங்க, அண்ணே. ஒட்டணும்," என்றார் அக்கா.

டிரைவர் போன் பிடித்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, வெளிச்சம் அசையாமல் கீழே காட்டினார்.